ஆம், இல்லை, தென்கடல்

"ட்ரூன்னு வந்திருக்கு," என்று சொல்லி ஜெரோம் அண்ணன் தன் போனை என் மூக்குக்கு நேரே பிடித்தார். "சரி. எது ட்ரூ?" அவருக்குப் பின்னால் மணலில் ஒரு கூட்டமே நின்றது, ஆளுக்கொரு போனுடன். எல்லாப் போனிலும் அதே ஒரு சொல்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற எங்கள் தொழிலில் எதற்கும் இரண்டே பதில்தான்: ட்ரூ அல்லது ஃபால்ஸ், ஆம் அல்லது இல்லை. இந்த இரண்டை வைத்துக்கொண்டு பிழைக்கிற உங்களில் யாராவது, பதில் சரியாக வந்தும் கேள்வி எதுவென்று தெரியாமல் நின்றிருந்தால், மேற்கொண்டு நான் சொல்வது விளங்கும். ராமநாதபுரத்தில் நானும் முத்துப்பாண்டியும் ஒரு மாடியறையில் உட்கார்ந்து கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள், பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவு என்று செய்துகொடுத்துவந்தோம். ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவ ஊரின் நாட்டுப்படகு சங்கம் எங்களைத் தேடிவந்து கேட்டது ஒரே ஒரு காரியம். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரார் எல்லார் போனுக்கும் ஒரு செய்தி வரவேண்டும். சங்கச் செயலாளர் ஜெரோம் அண்ணன் ஒரு நிபந்தனையும் போட்டார். காரணம் எதையும் எழுதக்கூடாது. எழுதினால் ஆளுக்கொரு வியாக்கியானம் சொல்லிச் சண்டை வரும். ஒரே சொல் போதும்.

அந்த ஒரு சொல்லைத் தமிழாக்கி அனுப்பும் வரியை முதல் நாள் நாங்கள் சேர்க்கவில்லை. புரோகிராம் தனக்குத் தெரிந்த பாஷையில் ட்ரூ என்று அனுப்பிவிட்டது. போகலாம் என்பது ட்ரூ என்று எடுத்துக்கொண்டு பாதி ஊர் விடியற்காலையில் போய்விட்டது. கடல் மோசம் என்பது ட்ரூ என்று எடுத்துக்கொண்டு மறுபாதி போர்த்திப் படுத்துவிட்டது. போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, படுத்தவர்களுக்குத்தான் கோபம். கூட்டத்தின் ஓரத்தில் மேரி அக்கா என்று ஒருவர் நின்றிருந்தார். அவர் கணவர் சூசை அண்ணனுக்கு முந்தின வாரம் வலது உள்ளங்கையில் திருக்கை மீனின் முள் ஏறியிருந்தது. புண் ஆறும்வரை உப்புத்தண்ணீர் படக்கூடாது, பட்டுச் சீழ் கோத்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சூசை அண்ணனோ ஊர் போனால் நானும் போவேன் என்கிற ஆள். அன்றைக்கும் கைக்கட்டோடு போயிருந்தார். மேரி அக்கா சண்டைக்கு வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நீ அனுப்புற ஒத்த வார்த்தையிலதான் தங்கச்சி அவுக கை வீட்ல இருக்கிறதும் கடலுக்குப் போறதும். அதக் கொஞ்சம் வெளங்குறாப்புல அனுப்பக் கூடாதா?"

அவர்கள் நாளுக்கு எதிர்ப்பதம்

அந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். பெரிய படகு இழுத்துப்போகும் மடிவலையில் சின்னப் படகுக்காரர்களின் வலை மாட்டி அறுந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எங்கள் பாஷையில் 'நாட்' என்று ஒரு சொல் உண்டு. எதற்கு முன்னால் போடுகிறோமோ அதைத் தலைகீழாக்கிவிடும். ஆம் இல்லையாகும், இல்லை ஆமாகும். விசைப்படகு நாளுக்கு முன்னால் ஒரு நாட் போட்டால் நாட்டுப்படகு நாள் வந்துவிடுகிறது. முடிந்தது வேலை. முத்துப்பாண்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்த ஒரு வரியைக் கொஞ்ச நேரம் ரசித்தான். அவன் சாயல்குடிக்காரன், எதையும் சீக்கிரம் ரசித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை விசைப்படகு நாள் அல்ல. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் ஊர் முழுக்கப் 'போகலாம்' என்று செய்தி போனது. அது கத்தோலிக்க ஊர். ஞாயிறு காலையில் பூசைக்குப் போவார்கள், கடலுக்கு ஒருவரும் போவதில்லை. பங்குச் சாமியாரின் எண்ணையும் யாரோ எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அவருக்கும் 'போகலாம்' என்று போயிருந்தது. அவர் பிரசங்கத்துக்கு ஏறும்போது போனையும் கையில் எடுத்துக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஞாயிறைச் சரிசெய்து முடிப்பதற்குள் விசைப்படகுக்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பாண்டி அவர்களுடைய நாள் எல்லாவற்றையும் ஃபால்ஸ் என்று மாற்றினான். நாட் தன் வேலையைச் செய்தது. ஞாயிறு தவிர வாரம் முழுக்க நாட்டுப்படகு நாள் ஆகிவிட்டது.

ஜெரோம் அண்ணன் போனில் கூப்பிட்டார். அவர்கள் வராவிட்டாலும் அவர்கள் நாள் அவர்கள் நாள்தான், அதில் நாங்கள் இறங்கினால் நாளைக்கு எங்கள் நாளில் அவர்கள் இறங்குவார்கள் என்றார். நான் நாட் என்றால் என்னவென்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்கு நான் கடலே இல்லாத கமுதிக்காரி என்பது தெரியும்.

"ஏம்மா, விசைப்படகு இல்லாத நாளெல்லாம் எங்க நாளுன்னா, விசைப்படகு இல்லாத கமுதியும் எங்க ஊருதானா?"

இரண்டு கடல்

கமுதியில் களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தால் வானத்தைப் பார்ப்போம், அவ்வளவுதான். கடல் என்றால் எனக்கு ஒன்று. தீவுக்காரர்களுக்கு இரண்டு. ஊருக்கு வடக்கே இருப்பது வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். இங்கிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் அப்படியே மாறும். அந்த ஊரில் தெற்கிலும் படகு கட்டியிருந்தார்கள், வடக்கிலும் கட்டியிருந்தார்கள். நாங்கள் போனது கச்சான் தொடங்கிய சமயம். எனக்கு இதெல்லாம் தெரியாது. காற்று பலமா, ஆமா இல்லையா என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் இரண்டு கட்டம் ஆக்கினேன். வடகடல் நல்லது, தென்கடல் நல்லது. இரண்டையும் சேர்க்க எங்களிடம் இரண்டு சொல் இருக்கிறது. 'ஆர்' போட்டால் இரண்டில் ஒன்று ஆம் என்றிருந்தாலே முடிவு ஆம். 'ஆண்ட்' போட்டால் இரண்டும் ஆம் என்றிருக்க வேண்டும். முதலில் ஆர் போட்டேன். வடகடல் நன்றாக இருந்ததால் தெற்கே படகு கட்டியிருந்தவர்களுக்கும் 'போகலாம்' என்று போனது. சூசை அண்ணனின் படகும் தெற்கேதான் நின்றது. அவர் விடியற்காலையில் கட்டுப்போட்ட கையோடு போய், அலை வந்து விழுகிற இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாராம். யார் யாரோ என்னைத் திட்டினார்கள். பயந்துபோய் ஆரை எடுத்துவிட்டு ஆண்ட் போட்டேன். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் 'போகவேண்டாம்', 'போகவேண்டாம்', 'போகவேண்டாம்'. வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்க, வடக்கே இருந்தவர்கள் போனைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மேரி அக்கா மட்டும் எனக்குப் போன் செய்து, இப்போதுதான் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது, இனி இதைத் தொடவேண்டாம் என்று சொன்னார்.

தொடாமல் எப்படி? நேரில் போய் ஜெரோம் அண்ணனிடம் ஆண்டுக்கும் ஆருக்கும் உள்ள வித்தியாசத்தை மணலில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குக் குழப்பமா, எனக்குத்தான் குழப்பமா என்று தெரியாத நிலையில் நான் கோட்டை அழிக்கப் போனபோது அவர் வாய் திறந்தார்.

"ஒன் ஆண்டப் போட்டா வருசம் பூரா வீட்ல கெடக்கலாம், ஆரப் போட்டா வருசம் பூரா கடல்ல கெடக்கலாம், இதுல நாங்க எப்பம்மா போயிட்டு எப்பம்மா வாரது?"

வெறும் கட்டம்

படகுக்குப் படகு எந்தக் கடல் என்று கேட்டு எழுதுவதற்குப் பாண்டியை அனுப்பினேன். அவன் திரும்பிவந்து, பாதிப் பேர் இரண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் மீன் எங்கே இருக்கிறதோ அங்கே என்கிறார்கள் என்றான். அதற்குள் கச்சான் முற்றி, தெற்கே நின்ற படகெல்லாம் வருசாவருசம் நடக்கிற வழக்கப்படி வடக்கே கொண்டுவந்து கட்டப்பட்டுவிட்டது. சூசை அண்ணனின் படகும் வந்துவிட்டது. எங்களுக்கு நிம்மதி, ஒரு கடல் போதும். மேரி அக்காவுக்குத்தான் தென்கடல் தந்திருந்த பாதுகாப்பு போய்விட்டது.

அந்த நிம்மதியில் ஒரு நாள். ராமநாதபுரத்தில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இணையம் இல்லை. வானிலை அறிக்கையிலிருந்து காற்று விவரத்தைத் தானாக எடுத்துவைக்கும் கட்டம் வெறுமையாக இருந்தது. ஆறு மணி நெருங்குகிற நேரத்தில்தான் கவனித்தேன். வெறுமை என்றால் எங்கள் புரோகிராம் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். காற்று பலமா? இல்லை. அப்படியானால் போகலாம். காற்று இல்லை என்பதும் காற்றைப் பற்றித் தெரியவில்லை என்பதும் ஒன்றா என்று பாண்டியிடம் கேட்டேன். அவனுக்கு அப்போது திருவாடானைப் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். "அதத்தான் அக்கா நானும் யோசிச்சிட்டிருக்கேன்," என்றான். "பொண்ணு வீட்லருந்து பதிலே வரல. நான் இல்லைன்னு எடுத்துக்கிட்டேன். எங்கம்மா ஆமான்னு எடுத்துக்கிட்டுப் பத்திரிகைக்கு மாடல் பாத்துட்டிருக்காக."

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துக் கடைக்காரரின் போனிலிருந்து இணையத்தை வாங்கி, அன்று ஆறு மணிக்கு ஊர் முழுக்க 'தெரியவில்லை' என்று அனுப்பினோம். நேர்மையாக நடந்துகொண்ட திருப்தியுடன் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். ஜெரோம் அண்ணனின் அழைப்பு வந்தது.

"தெரியலங்கிறது எங்களுக்கே தெரியும்லம்மா, அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?"

கைக்கு ஒரு கட்டம்

கையைக் காட்டுவதற்காகச் சூசை அண்ணனும் மேரி அக்காவும் ராமநாதபுரம் வந்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு எங்கள் மாடிக்கு ஏறிவந்தார்கள். சூசை அண்ணன் நெடுநெடுவென்று இருந்தார். கட்டுப்போட்ட கையை மற்றவர் வீட்டுப் பொருளைப் பிடித்திருக்கிற மாதிரி மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். இடையில் கடலுக்குப் போன நாளெல்லாம் ஏறிய உப்பு, ஆறிவந்த புண்ணைத் திரும்பத் திறந்துவிட்டிருந்தது. இந்த வாரம் முழுக்கத் தண்ணீர் படாமல் இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் இரண்டு விரலுக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மேரி அக்கா உட்காரவில்லை. புரோகிராமில் காற்றுக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம் என்று இத்தனை இருக்கும்போது அவர் கைக்கு ஒரு கட்டம் வைக்க முடியாதா என்று கேட்டார்.

"இவளுக்குப் பைத்தியம்மா," என்றார் சூசை அண்ணன். "ஊரு ஒக்காந்தா நானும் ஒக்காருவேன். ஊரு போகயில நான் மட்டும் வீட்டு வாசல்ல ஒக்காந்தேன்னா, நாலாம் நாளு எம் படகுல இன்னொருத்தன் சுக்கான் புடிப்பான்."

"புடிச்சாப் புடிக்கட்டும். வெரல் இல்லாத கைக்குச் சுக்கான் எதுக்கு?"

"ரெண்டு வெரல்தான போகும்? மிச்சம் மூணு இருக்குல்ல."

"அந்த மூணுல எனக்குத் தாலி கட்டலயே நீங்க. அஞ்சுலதான கட்டுனீக."

பாண்டி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். நான் யோசித்தேன். ஊர் போகிறது என்பது ஆம் என்றால் சூசை போகிறார் என்பதும் ஆம். ஊர் போகவில்லை என்றால் சூசையும் போகவில்லை. நான் பார்த்த மனிதர்களில் புரோகிராமாக எழுதுவதற்கு இவ்வளவு சுலபமான ஆள் வேறு கிடையாது. ஆனால் அவரிடம் மாற்றுவதற்கு எந்த இடமும் இல்லை, ஊரைத்தான் மாற்றவேண்டும். சூசை அண்ணன் தண்ணீர் குடிக்கக் கீழே போன சமயத்தில் மேரி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அண்ணன் எண்ணுக்கு மட்டும் இந்த வாரம் முழுக்க 'போகவேண்டாம்' என்று வருகிற மாதிரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது, ஒரு நாட் போதும். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்குப் போகலாம்னு வந்து எங்க வீட்டுக்கு மட்டும் வேண்டாம்னு வந்தா, அவுக ஒன்னையவா கேப்பாக? என்னையில்ல கேப்பாக."

துக்க வீட்டில் மணி

அடுத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாக் கட்டமும் ஒழுங்காக இருந்தது. நாட்டுப்படகு நாள் ஆம், ஞாயிறு இல்லை, காற்று இல்லை. வெறும் கட்டம் ஒன்றுகூட இல்லை. 'போகலாம்' என்று செய்தி போனது. நானும் பாண்டியும் கீழே இறங்கி டீ குடிக்கப் போனோம். முதல் முறையாக ஒன்றும் தப்பாக நடக்காத நாள் என்று பேசிக்கொண்டோம்.

எங்களுக்குத் தெரியாதது, அன்று மத்தியானம் ஜெரோம் அண்ணனின் மாமனார் தவறிவிட்டார் என்பது. அந்த ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடிகிறவரை ஒரு படகும் கிளம்பாது. யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. சொல்லவேண்டியதில்லை என்பதாலேயே என்னிடமும் யாரும் சொல்லவில்லை. ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் பந்தலுக்குக் கீழே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜெரோம் அண்ணன் போனில் கூப்பிட்டார். பந்தலைவிட்டு வெளியே வந்து பேசியிருக்க வேண்டும், பின்னால் அழுகைச் சத்தம் தூரத்தில் கேட்டது. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நூறு சட்டப்பையில ஒரே நேரத்துல மணி அடிக்குதும்மா, போகலாம் போகலாம்னு. எங்க மாமனாருக்கே அனுப்புனாப்புல இருந்துச்சு."

மாற்றவேண்டிய கட்டம்

ராத்திரியே சாவுக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலையில் பாம்பன் பாலம் தாண்டி ஊருக்குப் போனேன். புரோகிராமில் அந்தக் கட்டத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து ஆர் போட்டிருந்தேன். ஊரில் சாவு அல்லது காற்று பலம் அல்லது நம் நாள் அல்ல அல்லது ஞாயிறு என்றால் 'போகவேண்டாம்'. ஆரில் ஒரு வசதி உண்டு. முதல் கட்டம் ஆம் என்று இருந்துவிட்டால் மற்றதையெல்லாம் புரோகிராம் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுவும் செய்திதான் அனுப்பும், காரணம் சொல்லாது. இந்தக் கட்டத்தை ஊருக்குள் இருக்கிற ஒருவர்தான் மாற்றவேண்டும். சாவு என்றால் ஆம், அடக்கம் முடிந்ததும் இல்லை. ஜெரோம் அண்ணன் இருந்த நிலையில் அவரால் முடியாது. சங்கத்துப் போனை மேரி அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். மகளிர் குழு வேலையெல்லாம் மேரிதான் பார்க்கிறாள், அவளுக்கு இது பழகும் என்றார். நான் காட்டிக்கொடுத்தேன். ஒரு தரம் தொட்டால் ஆம், இன்னொரு தரம் தொட்டால் இல்லை. மேரி அக்கா ஒரு தரம் தொட்டு ஆம் என்று வைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் அடக்கம். முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பினார்கள். கட்டம் சரியாக மாறுகிறதா என்று ஆறு மணிக்குப் பார்த்துவிட்டுப் போகலாமென்று நான் மேரி அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சூசை அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். நடுவிரலும் மோதிரவிரலும் பாதி மடங்கியதோடு நின்றன. கட்டின் மேல் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. ஜெரோம் அண்ணன் வாசலோடு நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு மேரி. அந்தக் கட்டத்த மாத்திவிட்ரு. நாளைக்கு நம்ம நாளுதான், வடகடலும் நல்லாக் கெடக்கு."

"ம்," என்றார் மேரி அக்கா.

சூசை அண்ணன் எழுந்து, எண்ணெய்க் கேன் நிரம்பியிருக்கிறதா என்று இடது கையால் தூக்கிப் பார்த்தார். சாப்பாட்டு வாளியைக் கழுவிவைத்திருக்கிறாயா என்று கேட்டார். மேரி அக்கா கழுவியாச்சு என்றார். போனை எடுத்துத் திறந்தார். நான் பக்கத்திலேயே இருந்ததால் திரை எனக்கும் தெரிந்தது. ஊரில் சாவு: ஆம். அவர் விரல் அதற்கு மேலே போய் நின்றது. பிறகு முந்தானையால் திரையைத் துடைத்தார். துடைத்துவிட்டு, தொடாமல், அலமாரி மேல் போனைக் கவிழ்த்துவைத்தார். நான் என் பைக்குள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடினேன்.

ஆறு மணிக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு மணி அடித்தது. பிறகு பக்கத்து வீட்டில் யாரோ, வேண்டாமாம்ல, என்பது கேட்டது. எதிர்வீட்டில் ஒருவர் வாசலுக்கு வந்து வடக்கே பார்த்துவிட்டு உள்ளே போனார். சூசை அண்ணன் மேரி அக்காவைப் பார்த்து என்ன வந்திருக்கிறது என்று கேட்டார்.

"வேண்டாம்னு."

"காத்தாயிருக்கும்," என்று சொல்லி அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். என் புரோகிராம், எழுதிய நாளிலிருந்து முதல் முறையாக அன்றைக்குத்தான் ஊரில் யாருக்கும் குழப்பமில்லாமல் வேலைசெய்தது. மேரி அக்கா அலமாரியிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்து, பல்லால் கடித்து, அவர் கைக்கு நீளமாக ஒரு துண்டு கிழித்தார்.